சாய்ந்தால் சிவப்பு

சிக்னலில் நிற்கும் இருசக்கர வண்டிகள் இப்போதெல்லாம் விழுவதில்லை. ஓட்டுகிறவர் காலைத் தரையில் ஊன்ற வேண்டிய தேவையும் இல்லை. இருக்கைக்குக் கீழே சுழலும் ஒரு கனமான சக்கரமும், தானாகவே இப்படியும் அப்படியும் திரும்பிக்கொள்ளும் கைப்பிடியும் சேர்ந்து, நின்ற இடத்தில் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் துணைக்கால் என்று பெயர் வைத்திருந்தார்கள். துணைக்கால் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்ற சட்டம் வந்த பிறகு, கோயம்புத்தூர் சாலைகளில் பழைய வண்டிகளே இல்லாமல் போயின.

காலே ஊன்ற வேண்டாம் என்றானதும் கம்பெனிக்காரர்கள் இருக்கையைத் தாராளமாக உயர்த்தி, அடியில் பெரிய பேட்டரியை வைத்துவிட்டார்கள். கோகிலவாணியைப் போலக் குள்ளமானவர்கள் காலை எவ்வளவு நீட்டினாலும் தரை எட்டாது. "எட்டவே வேண்டாங்க, அதுக்குத்தானே இது" என்று சொல்லித்தான் விற்றார்கள். அவளும் நம்பி வாங்கினாள்.

அன்று காலை ராமநாதபுரம் சிக்னலில் நின்றபோது வண்டி அவளிடம் பேசியது.

"உங்கள் சார்பு அளவு அதிகரித்துள்ளது. தயவுசெய்து நேராக அமரவும்."

"நேராத்தான் உக்கார்ந்திருக்கேன், மூதேவி."

பின்னால் உட்கார்ந்திருந்த அமுதினி சிரித்தாள். "அம்மா... வண்டியத் திட்டாத. அதுக்கும்... காலைல தூக்கம் வரும்."

அமுதினிக்கு இருபத்திரண்டு வயது. பிறக்கும்போது மூளைக்குப் போக வேண்டிய காற்று சற்று நேரம் போகாமல் நின்றுவிட்டதால், வலது கையும் வலது காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உட்கார்ந்தால் உடம்பு வலது பக்கமாகச் சரியும். அகலமான பருத்திப் பட்டை ஒன்றால் தன் இடுப்போடு அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் கோகிலவாணி வண்டியை எடுப்பாள். போகிற பேருந்தின் ஓட்டுநர்களுக்கெல்லாம் இடது கையைத் தூக்கி ஆட்டுவது அமுதினியின் காலை வேலை. அந்தக் கை உயர உயர உடம்பு வலது பக்கம் சாயும். இருக்கைக்கு அடியில் சக்கரம் முனகும். கைப்பிடி அவசரமாகத் திரும்பி வண்டியை நிமிர்த்தும். முகப்பில் இருந்த விளக்கு அன்று பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது.

மருந்துக் கடைகளுக்குக் காகித உறை ஒட்டித் தரும் கூடம் ஒன்றில் அமுதினிக்கு வேலை. ஒட்டிய உறைகளின் மேல் கடைப் பெயரை முத்திரையாக அடிக்க வேண்டும். இடது கை ஒன்றே போதும். அவள் உடம்புதான் கோணுமே தவிர, அவள் அடித்த முத்திரை கோணியதில்லை. அதற்கு முன்பு பள்ளி முடிந்த நாளிலிருந்து அவள் வீட்டிலேயே ஜன்னல் பக்கம் கிடந்தாள். பேச்சே குறைந்து, கடைசியில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைத் தட்டிக் காட்டுகிற நிலைக்குப் போயிருந்தாள். வேலைக்குப் போகத் தொடங்கிய பின்தான் வார்த்தைகள் திரும்பி வந்தன, கேலியும் கிண்டலுமாக. அதனால் அமுதினியைக் கூடத்தில் விட்டதும் கோகிலவாணி வண்டியை நேராகச் சர்வீஸ் சென்டருக்குத் திருப்பினாள்.

அங்கே ரிஸ்வானா என்ற பெண் இருந்தாள். யார் வந்தாலும் எழுந்து நின்று பேசுவது அவள் வழக்கம். சண்டை போடத்தான் வந்திருந்தாள் கோகிலவாணி. ஆனாலும் அவளைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"சார்பு அளவுன்னா என்ன கண்ணு? அதை மொதல்ல சொல்லு."

"வண்டி நிக்கும்போது நீங்க எவ்வளவு நேரா இருக்கீங்க, மிச்சத்தைத் துணைக்கால் எவ்வளவு தாங்குதுன்னு அது அளந்துட்டே இருக்குங்க்கா. கொஞ்சமாத் தாங்கினா பச்சை. அதிகமாத் தாங்கினா மஞ்சள். ரொம்பத் தாங்க வேண்டி வந்தா சிவப்பு."

"சிவப்பு வந்தா?"

"வண்டி நகராதுங்க. நாங்க வந்துதான் எடுத்துவிடணும். அதுவும் ஒரு தடவைதான். மறுபடி சிவப்பு வந்தா உங்க பேருக்கு வண்டியே ஓடாது."

"ஏன் கண்ணு?"

"இன்சூரன்ஸ்காரங்க கேட்டு வாங்கின விதிங்க. இவ்வளவு தாங்க வேண்டியிருக்குன்னா ஓட்டுறவருக்கு மயக்கமோ நரம்புத் தளர்ச்சியோ இருக்கும், இல்லாட்டி குடிச்சிருப்பாரு, அப்படிப்பட்டவர் ரோட்டுக்கே வரக்கூடாதுங்கறாங்க."

கோகிலவாணி வண்டிச் சாவியை மேசையில் வைத்தாள்.

"அப்ப இது விழாதவங்களைத்தான் தாங்கும். விழறவங்களைத் தாங்காது."

ரிஸ்வானா நாற்காலி ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னதானம்னு போர்டு வெச்சுட்டு, பசியோட வந்தவனை மட்டும் பந்தியில இருந்து எழுப்பி உடற மாதிரி இருக்குது கண்ணு."

"நான் செஞ்ச விதி இல்லீங்க்கா."

"தெரியும். ஆனா நீதானே எதிர்க்க நிக்கற. வேற யாரைத் திட்டறது நானு?"

ரிஸ்வானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோகிலவாணிக்கு வரவில்லை.

"சாயறது நான் இல்ல. எம் பொண்ணு. அது அந்த மெசினுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. அதுக்கு ரெண்டு பேருன்னு கெடையாது. ஒரே எடை, ஒரே சாய்வு. அதை ஓட்டுறவர் கணக்குலதான் சேர்க்கும்."

ரிஸ்வானா அவளைத் தனியாக மைதானத்தில் ஓட்டச் சொல்லிச் சோதனை எடுத்தாள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் விளக்கு பசும்பச்சையாக எரிந்தது. அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். பின்னால் ஆள் இல்லாமல் எடுத்த சோதனை செல்லாது என்று பதில் வந்தது. சரி, அமுதினியோடு சேர்த்தே எடுக்கலாம் என்று கேட்டாள். சோதனை மைதானத்தில் ஊனமுற்றவரை ஏற்றிச் செல்ல இன்சூரன்ஸ் இல்லை என்று பதில் வந்தது. பக்கச் சக்கரம் பொருத்திய வண்டி கேட்டுப் பார்த்தார்கள். ஓட்டுகிறவருக்கு ஊனம் இருந்தால்தான் தருவார்களாம்.

"எனக்குக் கையும் காலும் நல்லா இருக்கறது பெரிய குத்தமாப் போச்சு" என்றாள் கோகிலவாணி.

பேருந்தில் ஏற்றிப் பார்த்தது பழைய கதை. படியில் விழுந்து அமுதினியின் முன்பல் உடைந்ததோடு அது நின்றது. தினமும் ஆட்டோ வைத்துப் போகும் அளவுக்கு ரவிக்கை தைக்கும் வருமானம் இடம் கொடுக்காது. கணவன் பழனியப்பன் லாரி ஓட்டுகிறவன். அன்று நாக்பூர் பக்கம் எங்கேயோ இருந்தான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொஞ்ச நாளைக்கு ஊட்டுலயே இருக்கட்டும் புள்ள. டிவி பார்த்துட்டுக் கெடக்கட்டும். நான் வந்து பேசிக்கறேன்" என்றான். கோகிலவாணி துணி தைத்துக்கொண்டே பேசியதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அமுதினி அடுத்த அறையில்தான் இருந்தாள்.

மறுநாள் வண்டியில் அவள் மரம் போல உட்கார்ந்தாள். இடது கையால் பின் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். ராமநாதபுரத்தில் பேருந்து ஓட்டுநர் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. உடம்பை நேராக வைத்திருக்கும் முயற்சியில் தோளிலிருந்து பாதம் வரை நடுங்கினாள். வண்டி அந்த நடுக்கத்தையும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்து சிவப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

கூடத்துக்குப் போய் முத்திரையை எடுத்தபோது கை மரத்துப் போயிருந்தது. மதியத்துக்குள் கோகிலவாணியைக் கூப்பிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எண்ணெய் போட்டுத் தோளை நீவிக்கொண்டிருந்தபோது அமுதினி கேட்டாள்.

"நான் நேராத்தான் உக்கார்ந்தேன்ம்மா. அதுக்கு... தெரியலையா?"

கோகிலவாணி எழுந்து போய் முருகன் படத்துக்கு விளக்கேற்றினாள். அன்று அவள் கும்பிடவில்லை. சண்டைதான் போட்டாள். "உன்னை ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் நின்னு பார்த்துக்கறாங்க. எம் புள்ளைக்கு ஒரு பக்கத்துக்காவது ஆள் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மனம் ஒடிந்தவர்கள் கடவுளிடம் இப்படித்தான் பேசுவார்கள். அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அதே சிக்னலில், வலது பக்கத்தில் முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிய வண்டி ஒன்று வந்து நின்றது. அதை ஓட்டுகிறவர் குப்புராஜ். கடைகளுக்கு முட்டை போடுகிறவர். தினமும் அந்த நேரத்துக்கு அங்கே நிற்பார். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்ன சாமி, பஸ்காரன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுப் போறான், நீ கண்டுக்கவே மாட்டேங்கற. சண்டையா?" என்று அமுதினியிடம் கேட்டார்.

"கையைத் தூக்கினா வண்டி நின்னுருமாமுங்க" என்றாள் கோகிலவாணி. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. சிக்னல் மாறுவதற்குள், தாங்குவதற்காக வாங்கிய வண்டி தாங்கியதற்குக் கணக்கு வைத்துத் தண்டிக்கிற கதை முழுவதையும் கொட்டிவிட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றார் குப்புராஜ். இடது கையை நீட்டி, அமுதினிக்குப் பின்னால் இருந்த கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "தூக்கு சாமி கையை. பார்க்கலாம்."

அமுதினி தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள். உடம்பு சாய்ந்தது. வண்டி சாயவில்லை. சக்கரம் முனகவும் இல்லை.

துணைக்கால் வந்த நாளிலிருந்து சிக்னலில் எல்லாருடைய கையும் காலும் சும்மாதான் இருந்தன. அந்தச் சும்மா இருந்த கைகளில் போன் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். குப்புராஜ் தன் வழியில் திரும்பிப் போகும் சிக்னலுக்கு அப்புறம் யார் பிடிப்பது என்பதை அவரே பேசி ஏற்பாடு செய்தார். ஒரு வங்கிக்காரம்மா பிடித்தார். நர்சிங் படிக்கும் ஒரு பெண் பிடித்தாள். பெயர் தெரியாத பலர் பிடித்தார்கள். ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்து, "இவ்வளவு சிரமப்பட்டு இவங்கெல்லாம் எதுக்குங்க ரோட்டுக்கு வரணும்?" என்றார்.

"நீங்க எதுக்கு வாரீங்க?" என்று கேட்டார் குப்புராஜ்.

"நான் வேலைக்குப் போறேன்."

"அதுவும் வேலைக்குத்தான் போகுது. வேணும்னா எறங்கி நின்னு கேளுங்க, என்ன வேலைன்னு சொல்லும்."

அந்த மனிதர் இறங்கவில்லை. ஆனால் சிக்னல் மாறும் வரை போனையும் எடுக்கவில்லை.

மஞ்சள் மெல்ல வெளிறி ஒரு நாள் பச்சையானது. கோகிலவாணி மருதமலை முருகனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். அன்றுதான் அவள் இன்னொன்றையும் பார்த்தாள். குப்புராஜின் வண்டி முகப்பில் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. காற்றில் துண்டு விலகியபோது உள்ளே விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"ஏனுங்கண்ணா, இது எப்ப இருந்து?"

"விடு அம்மணி."

அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவளுடைய வண்டியைப் பிடிக்க அவர் ஒரு பக்கமாகச் சாய்கிறார். அவருடைய துணைக்கால் அதைத் தாங்குகிறது. தாங்கியதை அவர் பேரில் எழுதுகிறது. அமுதினியின் சாய்வு எங்கேயும் போய்விடவில்லை. கை மாறியிருக்கிறது.

"சிவப்பு வந்தா உங்க பொழப்பு என்னாகறது?"

"எனக்குக் கொஞ்சம், அந்தப் பேங்க் அம்மாவுக்குக் கொஞ்சம், அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம். ஒருத்தரே தாங்கினாத்தான் அம்மணி சிவப்பு. பிரிச்சுக்கிட்டா எல்லாருக்கும் மஞ்சளோட போகும்."

கோகிலவாணியால் அதை ஏற்க முடியவில்லை. தன் பிள்ளைக்காக நாலு பேர் பிழைப்பைப் பணயம் வைப்பதா? மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வெள்ளென, அவர்கள் யாரும் வராத நேரத்துக்குக் கிளம்பிவிட்டாள். தூக்கம் கலையாத அமுதினி வழக்கத்தைவிட அதிகமாகச் சரிந்தாள். சிங்காநல்லூர் தாண்டும்போது மஞ்சள். ராமநாதபுரம் சிக்னலில் நின்றதும் வண்டி அமைதியாக அறிவித்தது.

"சார்பு வரம்பு மீறப்பட்டது. வாகனம் பாதுகாப்பாக நிறுத்தப்படுகிறது."

விளக்கு சிவந்தது. சிக்னல் பச்சையாகியும் வண்டி நகரவில்லை. நட்டு வைத்த தூண் போல நடுச்சாலையில் நேராக நின்றது. தாயும் மகளும் அதன் உச்சியில், பட்டையால் கட்டப்பட்டு, கால் தரை எட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் திண்ணையோ படியோ இல்லாமல் இறங்கவும் வழியில்லை. பின்னால் ஹாரன்கள். சுற்றிக்கொண்டு போனவர்கள் திட்டினார்கள். கோகிலவாணி அழுகையை அடக்கிக்கொண்டு ரிஸ்வானாவுக்குப் போன் செய்தாள்.

ரிஸ்வானா வந்து சேர்வதற்குள் குப்புராஜும் மற்றவர்களும் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். நர்சிங் பெண் அமுதினியின் பட்டையை அவிழ்த்து இறக்கினாள். குப்புராஜுக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம்.

"எங்களைக் கேக்காம எதுக்கு அம்மணி முன்னாடியே கெளம்பின?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானுங்கண்ணா..."

"எனக்கு என்ன ஆகணும் ஆகக்கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிக்குவியா? அந்த மெசினுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். "மாமா... எங்கம்மாவத் திட்டாதீங்க. திட்டுறது... எங்கம்மா வேலை" என்றாள் அமுதினி. நடுச்சாலையில் எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த ரிஸ்வானா அதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அன்று அங்கே வேறு ஒரு வேலையும் இருந்தது. அந்தச் சாலையில் காலை நேரத்தில் மட்டும் பல வண்டிகளின் சார்பு அளவு ஏறுகிறது, என்ன காரணம் என்று போய்ப் பார் என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. காரணம் கண்ணெதிரே நின்றது. வண்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, தாயும் மகளும் அடுத்த சிக்னல்களைக் கடப்பதையும், கைகள் நீள்வதையும் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"சார், அங்க ஒரு பொண்ணு சாயாம இருக்கறதுக்காக எல்லாரும் கை கொடுத்துப் பிடிக்கறாங்க. அதான் காரணம்."

மறுமுனையில் இருந்தவர் கெட்டவர் அல்லர். "நல்ல விஷயம்தாம்மா. ஆனா அதை எதுல சேர்க்கறது? காத்து, டயர், சாலைச் சரிவு, ஓட்டுநர் குறைபாடு. இவ்வளவுதான் இருக்கு."

"நாலும் இல்லைங்க சார். புதுசா ஒண்ணு சேருங்க."

"சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல. காரணம் இல்லேன்னா ஓட்டுநர் குறைபாடுன்னு தானா விழுந்துரும். அத்தனை பேருக்கும் சிவப்பு வரும்."

"நடந்ததைச் சொல்லிட்டேன் சார். வேற எதையும் நான் சொல்ல மாட்டேன்."

அந்த நாலு காரணங்களில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டார். சில நாட்களில் அந்தச் சாலைக்கு மட்டும் சிவப்பு வரம்பு தளர்த்தப்பட்டது. கோகிலவாணி பேரில் விழுந்த சிவப்பும் நீங்கியது. மற்ற சாலைகளுக்கு அதே பழைய வரம்புதான். அமுதினியை வேறெங்கும் கூட்டிப்போக முடியாத கோபத்தில் கோகிலவாணி வாரம் தவறாமல் போய் ரிஸ்வானாவைத் திட்டினாள். ரிஸ்வானா வாரம் தவறாமல் எழுந்து நின்று கேட்டுக்கொண்டு, புதிய காரணம் ஒன்றைச் சேர்க்கும்படி மேலே எழுதினாள். இன்னும் பதில் வரவில்லை.

வரம்பு தளர்ந்த பிறகு அந்தச் சாலையில் யாரும் யாரையும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் யாரும் கையை எடுக்கவில்லை.

கம்பெனிப் பதிவில் இருந்த காரணத்தைப் பார்த்து மாநகராட்சி ராமநாதபுரம் சிக்னலில் ஒரு பலகை நட்டது. 'சரிவான சாலை. கவனம்.' ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், வண்டியை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பக்கத்தில் முட்டைத் தட்டுகளோடு நின்றவரிடம் கேட்டார்.

"எங்கீங்க சரிவு? தட்டு மாதிரி இருக்குதே?"

"இப்பத் தெரியாது தம்பி" என்றார் குப்புராஜ். "வந்துட்டிருக்கு. அந்தப் போனை மட்டும் உள்ள வெச்சுட்டு, எடது கையைச் சும்மா வெச்சுக்க."